இரண்டடித் தண்டவாளமும் சிவப்புப் பாண்டாவும்

கேமராவும் கையுமாக ஊர் சுற்றுகிறவர்களுக்கு டார்ஜிலிங் இரட்டை விருந்து: ஒன்று சிவப்புப் பாண்டா, மற்றொன்று மலை ரயில். 1881-இல் ஓடத் தொடங்கிய இந்த மலை ரயிலின் தண்டவாள அகலம் இரண்டே அடி. பழைய ‘பி’ வகை நீராவி எஞ்சின்கள் சில, டார்ஜிலிங்கிலிருந்து 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையம் வரை இன்றும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

எஞ்சினின் முகப்பைக் கவனியுங்கள். தண்டவாளம் ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்கும். அதனால் முன்பக்கத்தில் ஊழியர் ஒருவர் உட்கார்ந்து, கைப்பிடி கைப்பிடியாக மணல் தூவிக்கொண்டே வருவார். மலையைவிட அந்தக் கையைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும் என்பேன். இதே ரயில் பாதையிலுள்ள பதாசியா வளைவுக்குக் குளிர்கால அதிகாலையில் போங்கள். குளிர்ந்த காற்றில் நீராவி வெள்ளை வெளேரென்று திரளும். வானம் தெளிந்திருந்தால் பின்னணியில் கஞ்சன்ஜங்கா.

அருகிலுள்ள சிங்கலீலா தேசியப் பூங்காவில் சிவப்புப் பாண்டா வாழ்கிறது. மூங்கில் இலைதான் அதன் முக்கிய உணவு. பகலில் பெரும்பாலும் மரக்கிளையில் படுத்துக் கிடக்கும். வயிற்றுப்பக்கம் கறுப்பு என்பதால், கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு நிழலோடு நிழலாகிவிடும். உள்ளூர் வழிகாட்டியின் கண்ணை நம்புங்கள். மரத்தை ஆட்டுவதோ ஃபிளாஷ் அடிப்பதோ கூடவே கூடாது. மழைக்காலத்தில், ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை, பூங்கா மூடியிருக்கும்.