பாஸ்வேர்ட் சரி, லேப்டாப் தப்பு!



போன செமஸ்டர் லீவுல ஒரு கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்ணேன். வீட்டுல இருந்தே வேலை, என் சொந்த லேப்டாப்தான். ஃபைனல் ரிவ்யூ அன்னிக்குக் காலையில கம்பெனி மெயிலைத் திறந்தா, இந்த லேப்டாப்புக்கு அனுமதி இல்லைன்னு வந்து நிக்குது. பாஸ்வேர்டை ரெண்டு தடவை மாத்திப் பார்த்தேன். ஓடிபியும் ஒழுங்கா வந்துச்சு. ஆனா உள்ளே விடல. நான் எழுதின கோடு மொத்தமும் கம்பெனி சர்வர்ல இருக்கு! பதறிப்போய் ஐடி டீம்ல இருந்த அண்ணாவுக்கு போன் பண்ணேன். "பாஸ்வேர்ட்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல தம்பி, உங்க மெஷின் ஹை ரிஸ்க்னு காட்டுது" என்றார்.

முந்தின ராத்திரி ஒரு ஃப்ரெண்ட் அனுப்பின கிராக் ஃபைலை ரன் பண்ணியிருந்தேன். அதுதான் காரணம்.

நம்ம எக்ஸாம் ஹாலை நினைச்சுப் பாருங்க. ஹால் டிக்கெட் சரியா இருந்தா நீங்க யாருன்னு தெரிஞ்சிடும். ஆனா பாக்கெட்ல பிட் இருக்கான்னு ஹால் டிக்கெட் சொல்லாது. அதுக்குத்தான் பறக்கும் படை வருது. பாஸ்வேர்டும் ஓடிபியும் ஹால் டிக்கெட் மாதிரி. ஆள் யாருன்னு மட்டும்தான் சொல்லும். அவர் கையில இருக்கற லேப்டாப் சுத்தமா இல்லையான்னு சொல்லாது.

இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு 2022-ல லாஸ்ட்பாஸ் கம்பெனிக்குத் தெரிஞ்சது. அங்கே முக்கியமான சாவிகளைத் தொடக்கூடிய இன்ஜினியர்கள் நாலே பேர். அதுல ஒருத்தரோட வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்த ஒரு மீடியா சாஃப்ட்வேர் ஓட்டை வழியா ஹேக்கர் நுழைஞ்சு, கீலாகர் போட்டுட்டார். இன்ஜினியர் ரெண்டாம் கட்ட சரிபார்ப்பை முடிச்சு, மாஸ்டர் பாஸ்வேர்டை டைப் பண்ணப்போ அது அப்படியே ஹேக்கர் கைக்குப் போயிடுச்சு. கடைசியில வாடிக்கையாளர்களோட பேக்கப் டேட்டா வரைக்கும் திருடு போச்சு. ஆள் சரி, பாஸ்வேர்ட் சரி. தப்பு கம்ப்யூட்டர்ல.

சரி, என் லேப்டாப்பை யார் தடுத்தாங்க? மைக்ரோசாஃப்ட் டூல்ஸ் பயன்படுத்தற கம்பெனிகள்ல இதை மூணு பேர் சேர்ந்து செய்யறாங்க.

முதல் ஆள், டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயிண்ட். லேப்டாப்ல சந்தேகமா ஏதாவது நடந்தா அலர்ட் எழுப்பும். அந்த அலர்ட்களைப் பொறுத்து லோ, மீடியம், ஹைன்னு ஒரு ரிஸ்க் லெவல் கொடுக்கும்.

ரெண்டாவது, இன்ட்யூன். இதுலதான் கம்பெனியோட விதிகள் இருக்கும்: ஓஎஸ் அப்டேட் ஆகியிருக்கணும், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கணும், போன் ரூட் பண்ணியிருக்கக் கூடாது, ரிஸ்க் லெவல் இவ்வளவைத் தாண்டக் கூடாது. ஒண்ணு தவறினாலும் அந்த டிவைஸ் மேல "நான் கம்ப்ளையண்ட்"னு முத்திரை விழும்.

மூணாவது, என்ட்ரா ஐடியோட கண்டிஷனல் ஆக்சஸ். வாசல்ல நிக்கற வாட்ச்மேன் இவர்தான். யாரு, எந்த ஆப், எந்த டிவைஸ்னு பார்ப்பார். முத்திரை சரியில்லைன்னா டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லைன்னா மெயிலும் இல்ல, ஃபைலும் இல்ல.

இதுல அழகு என்னன்னா, லேப்டாப்பைச் சுத்தம் பண்ணி ரிஸ்க் இறங்கிட்டா கதவு தானாவே திறக்கும். யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்.

நாளைக்கு நீங்களே அட்மினா உட்கார்ந்தா, நாலு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1. எந்த விதியும் ஒதுக்காத டிவைஸை இன்ட்யூன் டீஃபால்ட்டா "கம்ப்ளையண்ட்"னுதான் கணக்கு வைக்கும். அந்த செட்டிங்கை முதல்ல மாத்துங்க.

2. பாலிசியை எடுத்தவுடனே ஆன் பண்ணாதீங்க. "ரிப்போர்ட் ஒன்லி" மோட்ல விட்டு, யார் யார் மாட்டுவாங்கன்னு பாருங்க.

3. அவசரத்துக்கு ஒரு அட்மின் அக்கவுண்டை பாலிசிக்கு வெளியே வைங்க. இல்லைன்னா உங்க கதவையே நீங்க பூட்டிக்குவீங்க.

4. தடை அந்த நொடியே விழும்னு நினைக்காதீங்க. ஏற்கெனவே கொடுத்த டோக்கன் பொதுவா 60 முதல் 90 நிமிஷம் வரைக்கும் உயிரோட இருக்கும்.

"அப்போ என் போன்ல இருக்கற போட்டோவை எல்லாம் கம்பெனி பார்க்குமா?" இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி. பார்க்க முடியாது. இன்ட்யூன் வழியா உங்க போட்டோ, மெசேஜ், கால் ஹிஸ்டரி எதுவும் அட்மினுக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டுல ஒர்க் ப்ரொஃபைல்னு தனி அறை மாதிரி ஒண்ணு இருக்கும். வேலையை விட்டுப் போனா அந்த அறையை மட்டும் காலி பண்ணுவாங்க.

என் கதைக்கு வருவோம். அந்த கிராக்கைத் தூக்கி எறிஞ்சு, ஃபுல் ஸ்கேன் ஓட்டி, ஐடி டீம் அலர்ட்டை மூடறதுக்குள்ள ராத்திரி ஆயிடுச்சு. ரிவ்யூ மறுநாளைக்குத் தள்ளிப்போச்சு. மேனேஜர் திட்டல, ஆனா "கிராக்கா?"ன்னு கேட்டுட்டு அவர் சும்மா இருந்தது திட்டினதை விட அதிகமா உறைச்சுது.

ப்ளேஸ்மென்ட் ஆகி வேலைக்குப் போகப்போறோம் நண்பர்களே. அந்த மாதிரி ஒரு தடை உங்களுக்கும் ஒருநாள் வரலாம். அப்போ பாஸ்வேர்டை மாத்திட்டு உட்காராதீங்க, முதல்ல ஐடி டீமைக் கூப்பிடுங்க. என்ன ரன் பண்ணீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க. அவங்களுக்கு அது ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும்!