சவுண்டல் தழையும் ஒரு பாக்டீரியாவும்

சவுண்டல், சூபாபுல் என்றெல்லாம் நம் ஊர்களில் வழங்கும் மரத்தின் தழை, ஆடுமாடுகளுக்குப் புரதம் மிகுந்த தீவனம். ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சும் இருக்கிறது. அசைபோடும் கால்நடையின் முதல் இரைப்பையில் அது டிஹெச்பி என்ற பொருளாக மாறி, தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்தத் தழையை அளவுக்கு மீறித் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது, உடல் தேறவில்லை. அதே தழையைத் தின்ற ஹவாய்த் தீவு ஆடுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ். 1980களில் ஹவாய் ஆடுகளின் இரைப்பை நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்தினார்கள்; நச்சு முறிந்தது.

அந்த வேலையைச் செய்த பாக்டீரியாவை மில்டன் அல்லிசன் குழுவினர் புதிய பேரினமாகவும் புதிய இனமாகவும் விவரித்து, ஜோன்ஸைச் சிறப்பிக்கும் வகையில் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயரிட்டது 1992இல்தான். பெயர் வருமுன்பே மாடு பிழைத்துவிட்டதே, பிறகு வகைப்பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரைப்பை நீரில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அதை அப்படியே செலுத்தினால் நல்லதோடு நோய்க்கிருமியும் கலந்து போகலாம். மாட்டின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் டிஹெச்பி இருக்கிறதா என்று தெரியும். அதை முறித்த உயிர் எது, அது இன்னும் மந்தையில் இருக்கிறதா என்பது தெரியாது. அதற்கு அந்த உயிரைத் தனியே பிரித்தாக வேண்டும். ஆக்சிஜன் பட்டால் வளராத உயிர் இது. கரியமில வாயு நிரப்பி இறுக மூடிய குழாய்க்குள்தான் வளர்த்தார்கள்.

இனங்களின் எல்லை மனிதர்கள் போட்ட கோடுதானே என்பது இன்னொரு ஆட்சேபம். ஓரளவு உண்மை. இரண்டு பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகள் ஏறத்தாழ 95 சதவீதம் ஒத்துப்போனால் ஒரே இனம் என்பது ஆய்வாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட அளவு. ஆனால் கோடு எங்கே என்பது வேறு, உறவு உண்டா என்பது வேறு. நுண்ணோக்கியில் இந்த பாக்டீரியா, குடலில் வாழும் எத்தனையோ கோல் வடிவ பாக்டீரியாக்களைப் போலத்தான் தெரியும். சர்க்கரையை நொதிக்க வைக்காமல் அர்ஜினின், ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்களை உண்டு வாழ்வது முதல் துப்பு. ரைபோசோமின் 16எஸ் ஆர்என்ஏ வரிசையை ஒப்பிட்டபோது, அப்போது அறியப்பட்டிருந்த எதுவும் இதற்கு நெருங்கிய உறவு இல்லை என்று தெரிந்தது. 2009இல் இதையும் இதன் உறவுகளையும் சேர்த்துத் தனித் தொகுதியாகவே பிரிக்க முன்மொழிந்தார்கள். மனித வாயிலும் சாண எரிவாயுக் கலன் போன்ற இடங்களிலும் இதன் உறவுகள் இருப்பது தெரியவந்ததும் அந்த வரிசைகளை ஒப்பிட்டுத்தான்.

மந்தைக்கும் இந்த வகைப்பாடு பயன்பட்டது. அடையாள வரிசை கையில் இருந்ததால் பல நாட்டுக் கால்நடைகளில் இந்த இனத்தைத் தேட முடிந்தது. சற்றே மாறுபட்ட வடிவங்கள் சொற்ப அளவில் தென்பட்டன. ஆகவே வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொடுக்க வேண்டுமா, தழையைப் படிப்படியாகக் கூட்டி இருப்பதையே பெருகவிட்டால் போதுமா என்று மந்தைக்கு மந்தை சோதித்துப் பார்க்கலாம்.