எஞ்சினுக்கும் இனிஷியல் உண்டு!



நம்ம பேருக்கு முன்னால இனிஷியல் போடுறோம். கார் எஞ்சினுக்கும் இனிஷியல் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

ஒவ்வொரு காருக்கும் தனித்தனியா எஞ்சின் செய்தால் கம்பெனிக்குச் செலவு கட்டுபடி ஆகாது. அதனால் ஒரே அமைப்பை வைத்துச் சிறியதும் பெரியதுமாகப் பல எஞ்சின்கள் செய்கிறார்கள். இதற்குப் பேர்தான் எஞ்சின் குடும்பம். நம்ம திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒரே உருவத்தில் பல அளவில் வருதில்லையா, அது மாதிரி.

மாருதி ஆம்னி வேனில் இருப்பது 'எஃப்8பி' எஞ்சின். முதல் எழுத்து 'எஃப்' குடும்பப் பெயர். 8 என்றால் சுமார் 800 சிசி (சரியாக 796). கடைசி எழுத்து, அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை என்று சொல்லும். ஆல்ட்டோவில் வந்த 'எஃப்8டி'யும் அதே 796 சிசிதான். ஆனால் 'பி'யில் 6 வால்வு, 'டி'யில் 12 வால்வு!

'கே' குடும்பமும் உண்டு. கே10பி 998 சிசி, 3 சிலிண்டர். கே12எம் 1197 சிசி, 4 சிலிண்டர். இரண்டிலும் சிலிண்டரின் உள் அகலம் 73 மில்லிமீட்டர்தான். சிலிண்டர் எண்ணிக்கையும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும்தான் வேறு.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய், கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கிறது. 1998-ல் வந்த சான்ட்ரோவில் 'எப்சிலான்'. அப்புறம் ஐ10-ல் 'காப்பா'. எப்சிலானின் குறி 'ஜி4எச்சி'. 'ஜி' என்றால் பெட்ரோல், 4 என்றால் நான்கு சிலிண்டர், 'எச்' குடும்பம், 'சி' அளவு.

ஒரே எஞ்சினுக்கு மூன்று பேரும் உண்டு. இத்தாலி ஃபியட் கம்பெனியின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை ஃபியட் 'மல்டிஜெட்' என்றது, மாருதி 'டிடிஐஎஸ்' என்றது, டாடா 'குவாட்ராஜெட்' என்றது. அதனால் விளம்பரப் பேரை நம்பக் கூடாது, குறியைத்தான் பார்க்கணும்.

இது எதுக்குன்னு கேட்பீங்க. எங்க மாமா ஆம்னி ஓட்டுறார். போன வருஷம் வால்வு மாத்தும்போது ஒரு பழைய சாமான் கடையில், "800 சிசிக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று 'டி' செட்டைக் கொடுத்துட்டாங்க. எஞ்சினைப் பிரிச்ச பிறகுதான் சேராதுன்னு தெரிஞ்சது. நாலு நாள் வண்டி நின்னுச்சு. நாலு நாள் வருமானமும் போச்சு. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்!

ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கும். மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் அதன் ஆரம்பத்திலேயே இந்தக் குறி வரும். இதெல்லாம் பையன்க சமாச்சாரம்னு சிலர் சொல்றாங்க. எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் இது புரியும். வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் கார் இருந்தால் பார்த்து எழுதிக்கிட்டு வாங்க. எந்தக் குடும்பம்னு சேர்ந்து கண்டுபிடிப்போம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி