ஃபிரோஸ் ஷா துக்ளக்: கட்டியதோடு காத்தும் வைத்த சுல்தான்

டெல்லி குதுப் மினாரின் மேல் இரண்டு அடுக்குகளில் வெள்ளைப் பளிங்கு கலந்திருப்பதைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். 1368-ல் இடி விழுந்து மினாரின் உச்சி சேதமடைந்தது. அதைச் சீர்செய்து இன்றைய ஐந்தடுக்கு வடிவம் கொடுத்தவர் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக். மினாரைத் தொடங்கிய குத்புத்தீன் ஐபக்கும் அதை உயர்த்திய இல்துத்மிஷும் அவருடைய வம்சத்தினர் அல்லர்.

1351 முதல் 1388 வரை ஆண்ட இவர், நகரங்களை உருவாக்கியவர் என்றே வரலாற்றில் அறியப்படுகிறார். கிரிக்கெட் மைதானத்தின் பழைய பெயரால் நமக்கு அறிமுகமான ஃபிரோஸ் ஷா கோட்லா, அவருடைய ஃபிரோஸாபாத் நகரின் கோட்டை. மகன் ஃபதஹ் கான் பெயரில் ஃபதேஹாபாத் எழுந்தது. தமக்கு முன் ஆண்ட, ஜவ்னா கான் என்றழைக்கப்பட்ட முஹம்மது பின் துக்ளக்கின் நினைவாக 1359-ல் ஜவ்ன்பூரை நிறுவினார்.

1354-ல் அவர் அடிக்கல் நாட்டிய ஹிஸார் நமக்கு முக்கியப் பாடம். அது வறண்ட பூமி. கோடையில் குராசானிலிருந்து வரும் பயணிகள் ஒரு குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் அஃபீஃப் எழுதுகிறார். யமுனையிலிருந்தும் சட்லெஜிலிருந்தும் கால்வாய்கள் வெட்டி சுல்தான் அங்கே நீர் கொண்டுவந்தார். வரும் வழியெல்லாம் விளைச்சல் பெருகியது. அதற்கு வரி வாங்கலாமா என்று அவர் ஆலிம்களிடம் கேட்டார். உழைப்பும் செலவும் செய்தவர் என்ற முறையில் பத்தில் ஒரு பங்கு பெறலாம் என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ‘ஹக்கே ஷுர்ப்’ எனும் நீர் உரிமை வரி அப்படி வந்ததுதான்.

தம் பணிகளை அவரே ‘ஃபுதூஹாதே ஃபிரோஸ்ஷாஹி’ என்ற சிறு நூலில் பதிந்துள்ளார். முந்தைய மன்னர்களின் பாழடைந்த கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கே, தம் சொந்தக் கட்டடங்களைவிட முன்னுரிமை தந்ததாக அதில் சொல்கிறார். இல்துத்மிஷ் வெட்டிய ஹவ்ளே ஷம்ஸிக்கு வரும் நீர்வழியைச் சிலர் அடைத்திருந்தார்கள். அவர்களைத் தண்டித்து வழியைத் திறந்தார். அலாவுத்தீன் கில்ஜி வெட்டி, பிறகு தூர்ந்துபோன குளத்தைத் தூர்வாரி, அதன் கரையில் ஒரு மத்ரஸாவையும் எழுப்பினார். இன்று அந்த இடம் ஹவ்ஸ் காஸ். அவருடைய அடக்கத்தலமும் அங்கேதான். பழைய மத்ரஸாக்களுக்கும் அடக்கத்தலங்களுக்கும் உரிய வக்ஃப் வருமானத்தை அவற்றுக்கே உறுதி செய்தார். வருமானம் இல்லாதவற்றுக்குப் புதிதாக ஏற்படுத்தினார்.

அதே நூல் பிற சமயத்தாரிடமும் மாற்றுக் கருத்துடைய முஸ்லிம்களிடமும் அவர் காட்டிய கடுமையையும் சொல்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மையாகாது. ஒருவரிடமுள்ள நன்மையை எடுத்துக்கொள்ள, அவர் செய்த அனைத்தையும் நியாயப்படுத்த வேண்டியதில்லை.

அல்லாஹ்வின் பள்ளிகளை யார் பராமரிப்பார்கள் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 18-ஆம் வசனம் கூறுகிறது. அங்கே வரும் ‘இமாரத்’ என்ற கருத்து கட்டுவதை மட்டும் குறிப்பதில்லை. பேணுவதும் வணக்கத்தால் உயிர்ப்பிப்பதும் அதில் அடங்கும். மரணத்திற்குப் பிறகும் நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியா என்று நாம் பேசுகிறோம். ஆனால் தொடர வேண்டுமென்றால், முன்னோர் செய்த தர்மத்தைப் பின்வருவோர் காக்க வேண்டுமல்லவா?

நம் மஹல்லாக்களில் புதிய மினாராவுக்கு வசூல் எளிதாகச் சேர்கிறது. கல்வெட்டில் பெயரும் வருகிறது. அதே ஊரில் பாட்டனார் வக்ஃப் செய்த நிலம் கைமாறிப் போகிறது. மக்தப் உஸ்தாதின் சம்பளம் பாக்கி நிற்கிறது. பள்ளியின் குளம் தூர்ந்து கிடக்கிறது. இவற்றைச் சரிசெய்பவரின் பெயரை யாரும் கல்லில் பொறிக்க மாட்டார்கள். அல்லாஹ்விடம் அது பதிவாகும்.

அடுத்த முறை குடும்பத்தோடு தர்மம் செய்ய நிய்யத் வைக்கும்போது, புதிதாக என்ன கட்டலாம் என்பதற்கு முன், நம் ஊரில் எது பழுதுபட்டிருக்கிறது என்று கேட்போம். முன்னோரின் அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.