வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

பல் சொத்தை ஆரம்பத்தில் வலிக்காது. பல்லின் மேலடுக்கான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதில் நரம்பு கிடையாது. நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், எனாமலைச் சத்தமில்லாமல் கரைக்கிறது. அடுத்த அடுக்கான டென்டினுக்குள் நுழைந்த பிறகுதான் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும், மைசூர்பாகு கடித்தால் சுரீர் என்று இழுக்கும். இன்னும் உள்ளே போய், நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற பல்கூழைத் தொட்டுவிட்டால் தூக்கம் போய்விடும். படுத்ததும் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது. கெட்டியான சுவருக்குள் அடைபட்ட பல்கூழுக்கு வீங்க இடமில்லை. பகலில் தாங்க முடிகிற பல்வலி ராத்திரியில் உயிரை எடுப்பது இதனால்தான்.

சொத்தை எந்த அடுக்கில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சையும் செலவும் அமைகின்றன. மேலோட்டமாக இருக்கும்போது சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் அடைத்துவிடக்கூடிய பல்லுக்கு, தள்ளிப்போட்டால் ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்து பெருநகரத்து கிளினிக்கில் சாதாரணமாகப் பத்தாயிரத்தைத் தொடும். பல் டாக்டர் என்றாலே செலவு என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள்தான் கடைசியில் அதிகம் செலவழிக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தள்ளிப்போட நம்மிடம் கைவைத்தியங்களும் உண்டு. கிராம்புத் தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்வது உண்மைதான். அதிலுள்ள யூஜினாலைப் பல் மருத்துவர்களே தற்காலிக அடைப்பில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது சொத்தையை நிறுத்தாது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அந்தப் புகையைப் பிடித்துப் பல்லில் இருக்கும் புழுவை விழவைப்பதாகச் சொல்வார்கள். பல்லில் புழு கிடையாது. அந்தக் குழி அமிலம் அரித்த குழி. மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக்கும் இதே கதைதான். வீக்கம் வடியலாம், ஆனால் சீழுக்குக் காரணமான பல் அப்படியே இருக்கும், மறுபடி வீங்கும்.

முதல் தடவை போகும்போது உடனே டிரில்லை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. முதலில் கேள்விகள்தான். சர்க்கரை, பிரஷர், இதய நோய், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வருவது உண்டு. அது ஆபத்து, நிறுத்தலாமா வேண்டாமா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

பிறகு சின்னக் கண்ணாடியும் கூர்முனைக் கருவியுமாக ஒவ்வொரு பல்லையும் பார்ப்பார்கள். இரண்டு பல்லுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தையும் வேர் நுனியில் கட்டியிருக்கும் சீழும் கண்ணுக்குத் தெரியாது, அதற்குத்தான் எக்ஸ்ரே. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகட்டை வாய்க்குள் வைத்து எடுக்கும் இந்தப் படத்தில் படும் கதிர்வீச்சு, ஏறத்தாழ ஒரு நாளில் இயற்கையாகவே நம் மேல் படுகிற அளவுதான். படத்தை உங்களிடம் காட்டி, எந்தப் பல், என்ன செய்யப் போகிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. சொல்லாவிட்டால் கேளுங்கள். பதில் சொல்ல நேரமில்லை என்கிற இடத்தில் வாயைத் திறந்து உட்கார வேண்டியதில்லை.

கருவிகளைப் பற்றியும் கேட்கலாம். சுத்தப்படுத்திய கருவிகளை ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் உள்ள பையில் ஒட்டி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் அழுத்தம் கொடுத்து வைப்பார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கரின் தத்துவமேதான். சூடு சரியாகப் பட்டதும் பையின் ஓரத்திலிருக்கும் சின்னக் குறி நிறம் மாறிவிடும். அந்தப் பையை உங்கள் கண் முன்னால் பிரிப்பது நல்ல கிளினிக்கின் அடையாளம்.

பல் கிளீனிங் பற்றித்தான் நம் ஊரில் அதிகமான தவறான எண்ணம். "கிளீனிங் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிடும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் அழுக்கு நாளடைவில் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச்சத்தை வாங்கிக் காரையாக இறுகிவிடும். அதற்குப் பிறகு பிரஷ்ஷுக்கு அது அசையாது. காரைக்குக் கீழே பாக்டீரியா பெருகி, ஈறு வீங்கி, பிரஷ் பட்டாலே ரத்தம் வரும். அப்படியே விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். எலும்பு கரைந்த பற்களைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் காரைதான். அதை எடுத்ததும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது வெளியே தெரிகிறது, இடைவெளியும் கண்ணில் படுகிறது. பழியோ கிளீனிங்கின் மேல் விழுகிறது.

அல்ட்ராசோனிக் கருவியின் நுனி வேகமாக அதிர்ந்து காரையை உடைக்கும், கூடவே தண்ணீர் பீய்ச்சும். கீச்சென்ற சத்தமும் கூச்சமும் இருக்கும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு மூன்று நாள் பல் கூசுவதும் லேசாக ரத்தம் கசிவதும் சகஜம். எனாமல் தேய்ந்துவிடாது. ஆனால் கிளீனிங் செய்தால் பல் பால் வெள்ளையாகிவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பலருக்குப் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை, நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடால் பல் உருவாகும்போதே உள்ளே ஏறியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதே இந்தப் பிரச்சினைக்காகத்தான். அந்தக் கறை கிளீனிங்கில் போகாது, அதற்கு வேறு சிகிச்சை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் வருவது கடினம். மற்றவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கிளீனிங் செய்தால் இவர்கள் இரண்டு முறையாவது செய்துகொள்வது நல்லது.

சொத்தையை அடைப்பது எளிதான வேலை. கெட்ட பகுதியைக் குடைந்து எடுத்து, பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கின் மேலும் நீல நிற விளக்கைக் காட்டி இறுக வைப்பார்கள். பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும். மரப்பு தெளிந்ததும் சாப்பிடலாம். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் உயரமாகத் தட்டினால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

ரூட் கெனால் என்ற பேரைக் கேட்டாலே பலருக்கு நடுக்கம். உண்மையில் வலி நோயால் வருவது. சிகிச்சை அதை நிறுத்துவதற்கானது. முதலில் மரத்துப்போகும் ஊசி. பெரும்பாலும் லிக்னோகைன், அதோடு கலந்திருக்கும் அட்ரினலினால் சிலருக்கு ஓரிரு நிமிடம் படபடப்பு வரலாம், பயப்பட வேண்டாம். கீழ்த்தாடையில் போட்டால் பாதி உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். முகம் வீங்கிச் சீழ் கட்டிய நிலையில் வருகிறவர்களுக்கு இந்த ஊசியே சரியாகப் பிடிக்காது. அமிலத்தன்மை கூடிய திசுவில் மருந்து வேலை செய்வது குறைவு. "எனக்கு ரூட் கெனால் பண்ணும்போது உயிர் போச்சு" என்று சொல்கிறவர்களில் பலர் அந்தக் கட்டத்தில் போனவர்கள்.

மரத்த பிறகு பல்லின் மேல் துளையிட்டு, பல்கூழ் இருக்கும் அறையைத் திறப்பார்கள். அங்கிருந்து வேர்களுக்குள் மெல்லிய கால்வாய்கள் இறங்கும். முன்பல்லுக்குப் பொதுவாக ஒன்று, கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. முடியளவே இருக்கும் ஊசிக் கருவிகளை ஒவ்வொன்றாக விட்டுக் கெட்டுப்போன கூழை எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். அந்தக் குளோரின் வாடை உங்களுக்கே தெரியும். சுத்தமான கால்வாயை கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைப்பார்கள். அது மலாய் தீபகற்பத்து மரமொன்றின் பாலிலிருந்து வருவது, ரப்பர் போல இருக்கும். ஒரே நாளில் முடிவதும் உண்டு, இரண்டு மூன்று தடவை வரச் சொல்வதும் உண்டு. சில நாள் கடிக்கும்போது வலி இருக்கலாம்.

வலி நின்றதும் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குமேல் தாங்காது. எச்சில் உள்ளே கசிந்து மொத்த வேலையும் வீணாகும். கேப் போடாமல் விடுவதும் அப்படித்தான். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் முறுக்கு கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

காப்பாற்ற முடியாத பல்லைத்தான் எடுக்க வேண்டும். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எடுக்கும்போது அழுத்தம் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். எடுத்த பிறகு வைக்கும் பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுக்க வாய் கொப்பளிக்காமல், துப்பாமல், ஸ்ட்ராவால் உறிஞ்சாமல் இருந்தால்தான் குழியில் ரத்தம் உறைந்து நிற்கும். அந்த உறைவுதான் புண்ணுக்கு மூடி. பீடி, சிகரெட் பிடித்து அது கலைந்தால் மூன்றாம் நாள் வாக்கில் எலும்பு தெரிய, காது வரை இழுக்கும் வலி வரும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும். போன பல்லுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பல் செட், பக்கத்துப் பற்களைத் தேய்த்துக் கட்டும் பிரிட்ஜ், எலும்பில் டைட்டானியம் திருகு வைக்கும் இம்ப்ளான்ட் என மூன்று வழி உண்டு. தெருவோரத்தில் பல் கட்டித் தருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். மருத்துவருக்குத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும்.

பல் பார்க்கும்போதே நல்ல மருத்துவர் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடிப்பக்கத்தையும் பார்ப்பார். வெற்றிலை பாக்கு, புகையிலை, குட்கா பழக்கம் இருந்தால் நீங்களே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. மூன்று விரலை நெட்டாக வைத்தால் வாய்க்குள் நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, இரண்டு வாரம் ஆகியும் புண் ஆறவில்லை: இதில் எது இருந்தாலும் அந்த வாரமே போக வேண்டும்.

பணம் தடையாக இருந்தால் வழி உண்டு. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி தவிர சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். விழுந்து முளைக்காததால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். ஆழமான பள்ளங்கள் இருப்பதால் முதலில் சொத்தையாவதும் அதுதான். முளைத்து வந்ததும் அந்தப் பள்ளங்களில் சீலன்ட் என்ற மெல்லிய பூச்சைப் பூசி மூடிவிடலாம். ஊசி கிடையாது, டிரில் கிடையாது, ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள் ஆகும். பிள்ளை ஒன்றாம் வகுப்பு சேரும் வருடத்தில் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.