அழுவதற்கு முன் ஒரு பார்வை

வாசற்படி தடுக்கி மகன் குப்புற விழுந்தான். நான்கு வயது. 'தொம்' என்ற சத்தத்துக்குப் பிறகு ஓரிரு நொடி அழுகையே இல்லை. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். புருவத்துக்கு மேலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ!" என்று நான் அலறினேன். அதற்குப் பிறகுதான் அவன் அலறினான்.

அத்தை காபித்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். "என் தங்கத்தைத் தள்ளிவிட்டியா?" என்று படியை நாலு தட்டு தட்டினார். கணவர் பைக் சாவியைத் தேடினார். "பிள்ளையைப் பார்த்துக்கிறதைவிட உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வியும் எங்கிருந்தோ வந்து விழுந்தது. மருத்துவமனையில் கழுவித் துடைத்துப் பார்த்தால் அரை சென்டிமீட்டர் கீறல். தையல்கூட வேண்டியிருக்கவில்லை. "முகத்துல ரத்த ஓட்டம் அதிகம்மா. காயம் சின்னது, ரத்தம்தான் பெரிசா தெரியும்" என்றார் டாக்டர்.

காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அவன் என்னைப் பார்த்த அந்தப் பார்வைதான் எனக்கு ஆறவில்லை.

அந்த நொடியில் குழந்தை எதைத் தேடுகிறது? 1985-இல் ஜேம்ஸ் சோர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசையில் தவழவிட்டார்கள். பாதி தூரத்தில் கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் அம்மா. அவர் பேசக் கூடாது, முகபாவம் மட்டும்தான். அம்மா மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்து வந்தார்கள். அம்மா பயம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

வலிக்கிறது என்பது குழந்தைக்குத் தெரியும். அது ஆபத்தானதா என்பது தெரியாது. அதைத்தான் நம் முகத்தில் தேடுகிறது. அதற்காக, "ஒண்ணுமில்ல, எந்திரி" என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. அவனுக்கு வலிக்கிறதே! "வலிக்குதா? வா, கழுவிப் பார்க்கலாம்." இவ்வளவு போதும்.

குழாயடி வைத்தியம்

சின்னக் காயங்கள் பலவற்றுக்கும் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். சிராய்ப்பை ஓடும் நீரில் மண் போகக் கழுவ வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் 'நின்னுடுச்சா' என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காபித்தூளும் மஞ்சள்தூளும் சமையலறையிலேயே இருக்கட்டும். காயத்தில் அப்பினால் அழுக்கு உள்ளே தங்கும். டாக்டர் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். ஐஸ், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாத்தக் கூடாது. முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

இரும்பு கீறினாலே டி.டி. ஊசிக்கு ஓடுவது நம் வழக்கம். ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதை ஒட்டியும் போடும் முத்தடுப்பு பூஸ்டர்களிலேயே ரணஜன்னிக்கான தடுப்பும் இருக்கிறது. அட்டவணைப்படி போட்டிருந்தால், சுத்தமான சிறு காயத்துக்குத் தனி ஊசி தேவைப்படாது. தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப் போனால் டாக்டரே சொல்லிவிடுவார்.

எது சின்னக் காயம் இல்லை?

தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கமில்லாத நேரத்தில் தூங்கி விழுந்தாலோ, சற்றே நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல வடிந்தாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், வாய் பிளந்த காயம், முகத்திலும் கையிலும் பட்ட சூடு இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை. நாய், பூனையின் கீறல் பார்வைக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சின்னதல்ல.

ஆனால் இதெல்லாம் தெரிந்து வைத்திருந்தாலும், காயம் பட்டது நமக்குத் தெரிந்தால்தானே பலன்?

ஒருநாள் குளிப்பாட்டும்போது மகனின் முழங்காலில் காய்ந்த பொருக்கு ஒன்றைப் பார்த்தேன். "இது எப்படா?" என்றேன். "முந்தாநேத்து." "ஏன்டா சொல்லல?" சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ கத்துவ."

அன்றுதான் உறைத்தது. பிள்ளை விழும்போதெல்லாம் என் பயத்தை நான் கோபமாகத்தான் கொட்டியிருக்கிறேன். வீட்டில் எனக்கு விழுந்த கேள்விகளை அப்படியே அவன் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறேன். அவன் காயத்தை மறைக்கப் பழகிக்கொண்டான்.

அதற்குப் பிறகு முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினேன். சில மாதம் கழித்து ஒரு மாலை அவனாகவே வந்து நின்றான். "அம்மா, தெருப்பூனை பிறாண்டிடுச்சு." கையில் ரத்தம்கூட இல்லை, மெல்லிய கோடு மட்டும். அவன் சொல்லியிருக்காவிட்டால் என் கண்ணில் பட்டிருக்காது. நெஞ்சு படபடத்தது, குரல் எழவில்லை. குழாயைத் திறந்தேன். சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அதன்பின் அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி.

"ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க. கொஞ்சம் வலிக்கும். நான் கூடவே இருப்பேன்."

என் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு சோப்பை எடுத்து என் கையில் கொடுத்தான்.