உஷார்! பட்டாளத்துப் பணத்துக்கு வலை விரிக்கிறார்கள்

பட்டாளத்திலிருந்து ஒருவர் ரிட்டயர் ஆகி வருகிறார் என்றால், அவர் வரும் ரயில் காட்பாடியில் நிற்பதற்கு முன்பே சேதி ஊரில் இறங்கிவிடுகிறது. எத்தனை வருஷ சர்வீஸ், என்ன ரேங்க், கைக்கு எவ்வளவு வரும் என்பது வரைக்கும் டீக்கடையில் கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டே ஓரமாக டீ குடிப்பவர்களில் ஒருவர் அடுத்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். கையில் சாத்துக்குடிப் பையும், சட்டைப் பையில் ஒரு விண்ணப்பப் படிவமும் இருக்கும்.

அடி அண்ணாமலையிலும் கிரிவலப் பாதையை ஒட்டிய மற்ற ஊர்களிலும் இருக்கும் ராணுவக் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வேலூர், திருவண்ணாமலை வட்டாரம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் பூமி. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள். மாதம் தவறாமல் சம்பளமும் பென்ஷனும் வரும் வீடுகள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்பது மோசடிக்காரர்களுக்கும் அத்துப்படி.

2022-இல் நம் கண்ணெதிரே நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டியது. நம் மாவட்டத்தில் ஆரணி, செய்யாறு வரை கிளை பரப்பியது. சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. அதே ஆண்டு காட்பாடியில் எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் ஃபைனான்ஷியல் சர்வீசஸ், ஊர்க்காரர்கள் வாயில் வெறும் ‘ஐ.எஃப்.எஸ்.’, சிக்கியது. மாதம் 6 முதல் 10 சதவீதம் என்று சொல்லி வாங்கிய பணம் சுமார் 6,000 கோடி. போட்டவர்களில் கூலி வேலை செய்பவர் முதல் சீருடை அணிந்தவர் வரை எல்லோரும் உண்டு.

மாதம் 25 சதவீதம் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டியை எடுக்காமல் விட்டால் 1 லட்சம் ஒரே வருஷத்தில் பதினான்கரை லட்சம் ஆக வேண்டும். அப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனங்கள் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பே வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒருவர் வாய் திறந்தாலே அவர் சட்டத்துக்கு வெளியே நின்று பேசுகிறார் என்று அர்த்தம்.

அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கிறது. அவர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். படைக்குக் குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணம் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குப் போய்விட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். பகலில் பார்த்தால் அத்தனையும் முதல்தரக் குதிரை. இரவானதும் நரியாகி ஊளையிட்டு, லாயத்தில் ஏற்கெனவே கட்டியிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. அது திருவிளையாடல். ஆனால் இந்த ‘ஸ்கீம்’களும் அச்சு அசல் அப்படித்தான் நடக்கின்றன. முதல் நாலு மாசம் வட்டி டாண் டாண் என்று அக்கவுண்டில் விழும். அது உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவன் போட்ட பணம். அதைப் பார்த்து மயங்கி வீட்டில் இருக்கும் நகையை அடகு வைத்து, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த டெபாசிட்டை உடைத்து, மேலும் போடுவீர்கள். ஒரு நாள் ராத்திரி அலுவலகம் பூட்டியிருக்கும். புதிதாகப் போட்டதோடு லாயத்துப் பழைய குதிரையும் காலி.

இதில் பட்டாளத்துக்காரர் ஏன் சுலபமாக விழுகிறார்? பதினேழு, இருபது வருஷம் சாப்பாடு, உடுப்பு, குவார்ட்டர்ஸ், கேன்டீன் எல்லாவற்றையும் யூனிட்டே பார்த்துக்கொண்டது. பெரிய தொகையைக் கையில் வைத்துப் பழக்கமில்லை. பக்கத்தில் நிற்பவனை நம்பித்தான் உயிரோடு திரும்பியிருக்கிறார். அதனால் பணம் கேட்டு வருபவர் வெளியாளாக இருப்பதே இல்லை. ‘என் பேட்ச்மேட்தான், ஒரே ரெஜிமென்ட், பொய் சொல்ல மாட்டான்’ என்பார். அந்த பேட்ச்மேட்டும் பொய் சொல்லவில்லை, பாவம். அவரும் கமிஷனுக்கு மயங்கி மாட்டிக்கொண்டவர்.

ஒன்றை மட்டும் வீட்டில் உரக்கப் படியுங்கள். ரிட்டயர் ஆகும்போது கைக்கு வரும் கமுடேஷன் பணம் சர்க்கார் கொடுக்கும் போனஸ் இல்லை. உங்கள் பென்ஷனில் ஒரு பகுதியை, படைவீரருக்குப் பாதி வரைக்கும், முன்கூட்டியே விற்று வாங்கிய காசு. அந்தப் பகுதி மீண்டும் உங்களுக்குக் கிடைக்க 15 வருஷம் ஆகும். அதைக் கொண்டுபோய் ஒரு மோசடியில் போட்டுவிட்டால், பதினைந்து வருஷமும் குறைந்த பென்ஷனில்தான் குடும்பம் ஓட வேண்டும். போலீஸ் வழக்குப் போடும். 1997-இல் வந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தை முடக்குவார்கள், ஏலம் விடுவார்கள். அதெல்லாம் நடக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

அமெரிக்காவில் ராணுவ முகாம்களைச் சுற்றிக் கந்துவட்டிக் கடைகள் முளைத்ததைப் பார்த்து, சிப்பாயிடம் ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று 2006-இல் தனிச் சட்டமே போட்டார்கள். இங்கே நம் சிப்பாயைத் தேடி வருபவன் வட்டி வாங்க வருவதில்லை, கொடுக்கிறேன் என்று வருகிறான். அதனால்தான் வாசலிலேயே சந்தேகம் வருவதில்லை.

இனிமேல் வருவது இன்னும் பெரிய வேட்டை. நான்கு வருஷத்துக்கு மட்டும் பட்டாளத்தில் சேர்க்கப்படும் அக்னிவீரர்கள். 2022 டிசம்பர், 2023 ஜனவரி வாக்கில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அணிக்கு 2026 முடிவில் நான்கு வருஷம் நிறைகிறது. நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளப்படுபவர்கள் 25 சதவீதம் வரைதான் என்பது திட்டம். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல், கிராஜுவிட்டி இல்லாமல், ‘சேவா நிதி’ என்ற ஒரே தொகையோடு ஊர் திரும்புவார்கள். மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்து, சர்க்காரும் அதே அளவு போட்டு, வட்டியோடு சுமார் 11.71 லட்சம் என்று அறிவித்திருக்கிறார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பையன். கையில் பதினொன்றரை லட்சத்துக்கு மேல், வேலை இல்லை. அவனைச் சுற்றி யார் யார் வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? ஃபாரெக்ஸ், கிரிப்டோ, வாட்ஸ்அப்பில் பங்குச் சந்தை ‘டிப்ஸ்’ குரூப், ‘வெளிநாட்டில் செக்யூரிட்டி வேலை, மூணு லட்சம் கட்டினால் விசா’ என்று ஒரு ஏஜென்ட், அத்தோடு புது பைக் ஷோரூம். அந்தத் தொகையில் பாதி அவன் சம்பளத்தில் பிடித்தது, அவன் வியர்வை. தாய் தகப்பன் இதைக் கண்டிப்பாக அவனிடம் சொல்லி வைக்க வேண்டும்.

போனில் வருபவர்கள் தனி ரகம். ராணுவப் பென்ஷனைக் கையாளும் ‘ஸ்பர்ஷ்’ பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். “ஐயா வணக்கம், ஸ்பர்ஷ்ல இருந்து பேசறோம். உங்க லைஃப் சர்டிஃபிகேட் அப்டேட் ஆகல, இந்த மாசம் பென்ஷன் நின்னுடும். ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க” என்பார்கள். ரேங்க், பெயர் எல்லாம் சரியாகச் சொல்வதால் கேட்பவர் நம்பிவிடுகிறார். ஆயுள் சான்றைப் புதுப்பிக்க யாரும் போன் செய்து ஓ.டி.பி. கேட்பதில்லை. நீங்களே ‘ஜீவன் பிரமாண்’ டிஜிட்டல் ஆயுள் சான்று மூலம் செய்யலாம், பொது சேவை மையத்தில் செய்யலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு தோன்றி ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுபவனைப் பார்த்து, எல்லையில் நின்றவர் கூட நடுங்கிப் போகிறார் என்பதுதான் வேதனை. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிடலாம்.

அப்புறம் மனை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடந்து முடிப்பதற்குள் கையில் நாலு நோட்டீஸாவது சேர்ந்துவிடும். ‘கிரிவலப் பாதைக்கு மிக அருகில், மலை தரிசனத்துடன்’ என்று படம் போட்டிருக்கும். வாங்குபவர் லடாக்கில் இருப்பார். வீட்டுக்காரியின் தம்பி போன் போட்டு, “மாமா, நீங்க அங்க இருந்து எப்படி அலைவீங்க, பவர் மட்டும் எழுதிக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்பார். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். டி.டி.சி.பி. அங்கீகார எண், ரெரா பதிவு எண், 30 வருஷத்து வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, இந்த நான்கையும் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அந்த இடம் ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலை தெரிகிறது என்பதற்காக மனை சுத்தமாகிவிடாது.

சரி, பணத்தை என்னதான் செய்வது? என் கருத்து, முதல் ஆறு மாசம் ஒன்றுமே செய்யாதீர்கள். வங்கியில் சாதாரண டெபாசிட்டாகக் கிடக்கட்டும். வங்கி மூழ்கினால்கூட ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அதனால் பெரிய தொகையை இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வையுங்கள். அஞ்சலகத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மற்றவர்களுக்குப் பொதுவாக 60 வயது என்றால், ஓய்வுபெற்ற படைவீரருக்கு 50 வயதிலேயே இடம் உண்டு, 30 லட்சம் வரை போடலாம். சுபேதார்களாக வெளியே வந்த எத்தனை பேருக்கு இது தெரியும்? வட்டி அதிகம் தருகிறேன் என்று வருபவரிடம் ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கிறதா என்று ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். சீட்டு என்றால் பதிவு பெற்ற சீட்டா என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கே பாதிப் பேர் சாத்துக்குடிப் பையை மறந்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் மோசடிக்காரன் யாரும் வராமலேயே பணம் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது டிரங்குப் பெட்டி. கணவர் போன பிறகுதான் மனைவி அதைத் திறக்கிறார். பென்ஷன் ஆணையான பி.பி.ஓ. எது, டிஸ்சார்ஜ் புக் எது என்று தெரியாது. ஆதாரில் ‘விஜயலட்சுமி’ என்றும் ரெக்கார்டில் ‘விஜயா’ என்றும் இருக்கும். குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டரில் கல்யாணமே ஏறியிருக்காது. குரூப் இன்ஷூரன்ஸ் நாமினியாக இன்னும் அம்மா பெயரே இருக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் வழக்கு. சம்பள அக்கவுண்டோடு விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறது என்பது தெரியாமலே கெடு தாண்டிவிடும். குடும்பப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், தொடக்க ஆண்டுகளில் 50 சதவீதம். பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலே அதற்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் மானம் மரியாதை பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆன்லைன் மோசடி என்றால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் வழியிலேயே முடக்கப்பட வாய்ப்பு உண்டு. நிதி நிறுவனம் ஏமாற்றியது என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் கொடுக்காதவர் பெயர் ஏமாந்தவர்கள் பட்டியலில் வராது.

உங்கள் மகனோ கணவரோ இப்போது லீவில் வந்திருந்தால், திரும்பி ரயிலேறுவதற்கு முன் அந்த டிரங்குப் பெட்டியை இரண்டு பேருமாகத் திறந்து, பார்ட் டூ ஆர்டரில் பெயர் ஏறியிருக்கிறதா, நாமினி யார் என்று பார்த்துவிடுங்கள்.